மடித்து வந்த சட்டைகள்

அன்புள்ள மச்சானுக்கு,

போடியில் மாசி வெயில் இப்போதே சுடுகிறது. மேலே ஏலத்தோட்டத்தில் ஒரு வாரமாக மூடுபனி, வெயிலே எட்டிப் பார்க்கவில்லை என்று போனில் சொன்னீர்கள்.

உங்கள் அழுக்குத் துணிப் பையை ஜீப் டிரைவர் முபின் இன்று கொண்டுவந்து இறக்கினான். “என்னக்கா, இந்த வாரம் உங்களுக்குச் சோலியில்ல போல. எல்லாம் மடிச்சே வந்துருக்கு” என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

எல்லாம் துவைத்த சட்டைகள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டைகூட நீங்கள் கசக்கியதில்லை. அந்தப் பனியில் ஈரத்துணி காய ஏலக்காய் உலர்த்தும் அறையை விட்டால் வேறு இடம் ஏது? முகர்ந்து பார்த்தேன். காய் வாசம்தான். அங்கே அடுப்பைப் பார்த்துக்கொள்வது கற்பகம் ஒருத்திதானே. நன்றாகத்தான் மடிக்கிறாள். காலர் மட்டும் என் கைக்கு வருவது போல அவளுக்கு வரவில்லை.

சட்டைகளை மறுபடி நனைத்துத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். போனில் பேசினால் குரல் மாறிவிடும் என்றுதான் இதை எழுதி முபினிடம் கொடுக்கிறேன்.

வெள்ளிக்கிழமையிலிருந்து மலையில் பனி விலகும் என்கிறார்கள். விலகாவிட்டாலும் சனிக்கிழமை காலை ஜீப்பில் நான் வருகிறேன். அதுவரை கழற்றும் சட்டைகளை அழுக்காகவே வைத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி