என் தாயாரின் இடது கண்ணில் சொட்டு மருந்து விடாதிருக்க வேண்டி

அனுப்புநர்
இயானெத்தா,
பத்தாம் வகுப்பு,
ஃபாலெமோவா கிராமம்,
சவாயி தீவு, சமோவா.

பெறுநர்
மேலதிகாரி அவர்கள்,
தீவுக் கண் மருத்துவப் பயிற்சித் துறை,
ஆப்பியா.

பொருள்: வரும் திங்களன்று மாணவர் பயிற்சிக்காக என் தாயார் மோயெலாங்கியின் இடது கண்ணில் சொட்டு மருந்து விடுவதைத் தடுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவை யாரிடமும் காட்ட வேண்டாம் என்று மன்றாடுகிறேன். எங்கள் குடும்பத் தலைவரான பெரியப்பாவிடம் விசாரிக்கவும் வேண்டாம். விருந்தினரைக் குறை சொன்ன வீட்டுக்கு ஊர்ச்சபை பன்றிகளைத் தண்டமாக விதிக்கும். எனக்குக் கிடைப்பது வேறு.

1. சென்ற ஜூனில் தங்கள் துறையின் வெளிநாட்டு மாணவர்கள் இங்கு வந்தனர். அவர்கள் கண் பரிசோதித்துப் பழகுவதற்காகப் பெரியப்பா என் தாயாரை உட்கார வைத்தார். மாலையில் கண் வலிக்குமா, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரியுமா என்று ஒரு மாணவர் கேட்டார். தாயார் புருவத்தை உயர்த்தினார். எங்களிடம் அது ‘ஆம்’. மாணவரோ ஆசிரியரிடம் ‘இல்லை’ என்று சொன்னார்.

“அம்மா ஆமாங்கிறாங்க” என்றேன்.

“பெரியவங்க நடுவுல உனக்கென்னடி வாய்? போய் இளநீ வெட்டிக் கொண்டா” என்றார் பெரியப்பா.

அந்த ‘இல்லை’யை நம்பி வலது கண்ணில் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டனர். மாணவர் எல்லோரும் வரிசையாக விளக்கடித்துப் பார்த்தனர். தாயார் அசையவே இல்லை. நல்ல நோயாளி என்று பாராட்டினார்கள்.

2. அன்றிரவு அந்தக் கண் சிவந்து கல்லாய் இறுகியது. வாந்தி நிற்கவில்லை. மாணவர்களுக்கு விருந்து நடந்த பாதிரியார் வீட்டுக்கு ஓடினேன். “பன்னிக்கறி ஒத்துக்கல, அவ்வளவுதான். சாப்பிடறவங்களக் கலைக்காத” என்று பெரியப்பா வாசலிலேயே திருப்பி அனுப்பினார். உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். தாயாரைக் கப்பலேற்றி ஆப்பியா மருத்துவமனையில் சேர்த்தபோது அக்கண்ணில் பார்வை போயிருந்தது.

3. இடது கண்ணிலும் அதேபோல நீர் வடியும் வழி குறுகல், லேசர் ஒளிக்கதிரால் துளையிடும் வரை அந்தச் சொட்டு மருந்து கூடாது என்று அங்கிருந்த மருத்துவர் என் எதிரிலேயே பெரியப்பாவிடம் எச்சரித்தார். துளையிடும் கருவி பழுது, பிறகு வாருங்கள் என்றார். பெரியப்பா மறுபடி அழைத்துச் செல்லவில்லை. திங்களன்று மறுபடி வரும் மாணவர்களிடம் இதைச் சொன்னால் அவர்கள்மேல் பழி போட்டதாகிவிடுமாம். “இன்னொரு கண்ணுதான் நல்லா இருக்கே. வந்தவங்க படிச்சிட்டுப் போகட்டுமே” என்கிறார்.

மாணவர்கள் படிக்கட்டும், ஐயா. அவர்கள் படிக்காவிட்டால் எங்கள் கண்களை யார் பார்ப்பார்கள்? நாங்கள் எப்படி ‘ஆம்’ சொல்கிறோம் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

ஆகவே, திங்களன்று சொட்டு மருந்து விடக்கூடாதென்று தங்கள் ஆசிரியருக்கு முன்னதாகவே உத்தரவிடவும், தாயாரின் அக்கண்ணில் விரைவில் துளையிடவும் பணிந்து வேண்டுகிறேன். நான் எழுதியதாக மட்டும்

கதவைத் தட்டுகிறார்கள். ஐயா, இடது கண். இடது