நீங்களும் நிக்கோவில்தான் இருக்கிறீர்கள்

என்னங்க,

விடியுமுன்னே செவ்விலை பார்க்க நிக்கோ மலைக்குக் கிளம்பிவிட்டேன். "மலையில கூட்டம் தாங்காது, இலை அடுத்த வருஷமும் சிவக்கும்"னு சொல்லிவிட்டு நீங்கள் குறட்டை விட்டாயிற்று. பக்கத்து வீட்டு ஒகானோ அம்மாவோ, "ஜோடியா போய்ட்டு வாங்க"ன்னு நம் இருவருக்கும் கையுறை பின்னிக் கொடுத்துவிட்டார். வாங்கிக்கொண்டபின், பதிலுக்கு அந்த ஊர்ப் பலகாரப் பெட்டி ஒன்று கொண்டுவராமல் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

நீங்கள் மட்டும் வீட்டில் கிடப்பதும் அவருக்குத் தெரியக்கூடாது. ஆகவே, தெருவைப் பொறுத்தவரை நீங்களும் நிக்கோவில்தான் இருக்கிறீர்கள். ஞாயிறு இரவுவரை விளக்குப் போடாதீர்கள். மீன் சுடாதீர்கள், வாசனை காட்டிக்கொடுத்துவிடும். ஆறின சோறு இருக்கிறது. தும்மல் வந்தால் தலையணைக்குள் தும்முங்கள்.

மிட்சுயோ

சொல்ல மறந்துவிட்டேன்: உங்கள் கையுறைக்குள் இன்று காலை பத்தரை மணி ரயிலுக்கு டிக்கெட் இருக்கிறது. பையும் கையுமாக வெளியே வந்தால் மட்டும் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.