பென்சிலில் எழுதிய பன்னிரண்டு

சத்தியமங்கலம்,
15.6.2025, ஞாயிறு

அன்பு அக்ஷயா,

இந்தப் புதுப் பள்ளி விடுதியில் போன் கிடையாது. ஞாயிறு மதியம் கடிதம் எழுதலாம். அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று போட்டிருக்கிறேன். உனக்கு உண்மையை எழுதுகிறேன்.

நூலகம் பெரியது, ஒரே தடவையில் நான்கு புத்தகம் தருகிறார்கள். செவ்வாய்க்கிழமை அரிசிம்பருப்புச் சாதம். உங்கள் வீட்டுச் சுவை இல்லை.

இங்கே கணக்கு வகுப்புக்கு மட்டும் வயதைப் பார்ப்பதில்லை. சேர்ந்த அன்றே ஒரு தேர்வு. எல்லாம் சரியாகப் போட்டவர்களுக்கு மாடி வகுப்பறை, மற்றவர்களுக்குக் கீழ் வகுப்பறை. நான் கீழே இருக்கிறேன். ஒரு சுலபமான கணக்கு தப்பாகிவிட்டது. கீழே நடத்துவதெல்லாம் நான் ஐந்தாவதிலேயே போட்டுப் பார்த்தவை. முடித்துவிட்டு ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாடி அறைக்காரர்கள் சாப்பிடும்போதும் சண்டைதான். ஒன்பதாவது படிக்கும் உவைஸ், தட்டில் கடலையை வரிசையாக அடுக்கி, "பகா எண்ணுக்கு முடிவே இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?" என்கிறான். பத்தாவது படிக்கும் காளியாத்தாள் அக்கா, "மொதல்ல சோத்தத் தின்னு கண்ணு, பகா எண் எங்கயும் ஓடிப்போகாது" என்கிறார். தட்டோடு அவர்கள் பக்கம் போக ஆசை. ஆனால் கீழ் அறைக்காரர்களோடுதான் உட்கார்கிறேன்.

29ஆம் தேதி பெற்றோர் வரும் நாள். அப்பாவோடு சூலூருக்கே திரும்பிவிடலாம் என்று இருக்கிறேன். பெஞ்சில் என் இடத்தில் யாரையும் உட்காரவிடாதே.

உன்
லாஸ்யா

*

சூலூர்,
21.6.2025

அன்பு லாஸ்யா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்தக் கணக்கு தானாகத் தப்பாகவில்லை. நீதானே தப்பாகப் போட்டாய்?

கோபப்படாதே. எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். ஐந்தாவதில் நீ நூற்றுக்கு நூறு வாங்கினாய். டீச்சர் உன் தாளைத் தூக்கிக் காட்டி, "இந்தப் புள்ளைக்கு வருது, உங்களுக்கு என்ன கேடு?" என்று எங்கள் எல்லோரையும் நிற்க வைத்தார். அன்று மதியம் உன் பக்கத்தில் யாரும் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. நானும்தான். அதற்குப் பிறகு நீ நூறு வாங்கவே இல்லை.

தேர்வு முடிந்ததும் விடை சரிபார்க்க உன் வினாத்தாளை வாங்குவேன் இல்லையா? ஓரத்தில் பென்சிலில் நீ போட்ட விடை எல்லாம் சரியாக இருக்கும். விடைத்தாளில் மட்டும் ஒன்று மாறியிருக்கும். ஏழாம் வகுப்பு அரையாண்டில் 36இல் மூன்றில் ஒரு பங்கு கேட்டார்கள். ஓரத்தில் 12. விடைத்தாளில் 18. நீ 98, நான் 99. முதல் மதிப்பெண் என்று எங்கள் அப்பா எனக்குச் சைக்கிள் வாங்கித் தந்தார். எனக்குத் தெரிந்தும் பேசாமல் இருந்தேன். இன்றும் அதில்தான் பள்ளிக்குப் போகிறேன். ஏறும்போதெல்லாம் அந்தப் பதினெட்டு ஞாபகம் வரும்.

அந்த வினாத்தாளை இதோடு வைத்திருக்கிறேன். உன் கணக்கு சாரிடம் கொடு. நீ திரும்பி வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நீ வரக்கூடாது.

அக்ஷயா

*

சத்தியமங்கலம்,
6.7.2025, ஞாயிறு

என் அக்ஷயாவுக்கு,

பெற்றோர் நாளன்று காலையிலேயே பெட்டியைக் கட்டிவிட்டேன். அப்பா வந்ததும் கணக்கு எடுக்கும் பாலகோபால் சாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பத்தான் போனேன். கையில் உன் வினாத்தாள் இருந்தது. ஏனோ அதை நீட்டிவிட்டேன். விஷயத்தையும் சொல்லிவிட்டேன்.

"ஏம்மிணி, தெரிஞ்சே தப்பாப் போட்டயா? எதுக்கு?" என்றார் அப்பா.

"எதுக்குன்னு எனக்குத் தெரியுமுங்க" என்றார் சார். "மாடில இருக்கறவங்கள்ல பாதிப் பேர் பழைய ஸ்கூல்ல இதே வேலையப் பண்ணிட்டு வந்தவங்கதான்."

அப்பா அந்தத் தாளை வாங்கி, ஓரத்தில் இருந்த பன்னிரண்டைப் பார்த்தார். பிறகு அவரே என் பெட்டியைத் தூக்கிப்போய் விடுதி அறையில் வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் சார் சொன்னபடி மாடிக்குப் போனேன். காளியாத்தாள் அக்காவுக்கு விஷயம் தெரிந்திருந்தது; நகர்ந்து இடம் விட்டார். "நீ ஒண்ணுதான் விட்டயா அம்மணி? நானெல்லாம் மூணு விடுவேன்!" அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வியாழக்கிழமை நான் ஒரு கணக்கைப் பலகையில் போட்டேன். "இல்லீங்க, நாலாவது வரி தப்பு" என்றான் உவைஸ். பார்த்தால் நிஜமாகவே தப்பு! எனக்குத் தெரியாமலே வந்த தப்பு. மதியம் எல்லோரும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, சாப்பாடு ஆறும்வரை அந்த நாலாவது வரியைப் பேசினார்கள்.

உன் 99 உன்னுடையதுதான். அதில் ஒன்றைக்கூட நான் எழுதித் தரவில்லை. சைக்கிளில் தைரியமாக ஏறு. பெஞ்சில் என் இடத்தில் வேறு யாரையாவது உட்கார வை. ஜன்னல் பக்கம் காற்று நன்றாக வரும். டிபன் பாக்ஸை மட்டும் அவளுக்குப் பக்கத்திலேயே திற. ஆறாவதிலிருந்து எனக்கு அப்படித்தான் செய்தாய். அதற்கு நன்றி சொல்ல இத்தனை நாளாகிவிட்டது.

வியாழக்கிழமை போட்ட கணக்கை, அந்தத் தப்போடு, ஒரு தாளில் எழுதி அனுப்புகிறேன். பத்திரமாக வை. ஓரத்தில் தேடிப் பார். பென்சிலில் எதுவும் இல்லை.

உன்
லாஸ்யா