எரியும் கட்டியைக் கண்டும் கைதட்டிய டோர்பர்ன் குலத்தார் மீது புகார்

அனுப்புநர்:
எல்ஸ்பெத் டோர்பர்ன்,
செயலாளர், டோர்பர்ன் குலச் சங்கம்,
ஹார்லா, ஸ்காட்லாந்து எல்லைப்புறம்.

பெறுநர்:
தலைமை நிர்வாக அலுவலர்,
வட்டார மன்றம், ஹார்லா.

பொருள்: திருமதி ஜேனட் ஹஸ்வெல்லின் ஆடு களவுபோனது – 'விழா நிகழ்ச்சி' எனத் தள்ளப்பட்ட அவர் புகாரை மீண்டும் ஏற்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சங்கத்தின் செயலாளரே சங்கத்தின் மீது மனு எழுதுவது வழக்கமில்லை. எழுதும்போதே கை கூசுகிறது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2. எங்கள் முன்னோர் எல்லை தாண்டி மாடு ஓட்டிவந்து பிழைத்தவர்கள். வீட்டில் இறைச்சி தீர்ந்தால், வீட்டுக்காரி மூடிய தட்டில் குதிரையை முடுக்கும் குதிமுள்ளை வைத்துப் பரிமாறுவாள். புறப்பட்டுப் போய்த் திருடி வா என்று அதற்குப் பொருள். இதை வீரம் என்று சொல்லிக் கோடைதோறும் விழா எடுக்கிறோம். தட்டை ஏந்தி வருபவள் நான்தான். இளைஞர்கள் குதிரையேறிப் போய், முன்பே சம்மதித்த பண்ணையிலிருந்து ஓர் ஆட்டை ஓட்டி வருவார்கள். மறுநாள் ஆடும் ஒரு புட்டி விஸ்கியும் திரும்பிப் போகும். சம்மதித்த வீட்டார் அடையாளமாக வாயிற்கதவில் வெள்ளைத் துணி கட்டுவார்கள்.

3. இவ்வருடம் துணி கட்டியவர்கள் ஓடைக்கு அப்பால் இருக்கும் ப்ரைடன் வீட்டார். ஓடையைத் தாண்டியதும் முதலில் வருவதோ ஜேனட்டின் பண்ணை. அவர் கணவர் ஆடம் இறந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆடம் கடைசியாகப் படுத்திருந்த வெள்ளை விரிப்பைத் துவைத்து, வாயிற்கதவின் மேல் காயப்போட்டிருந்தார் ஜேனட். போனவர்கள் கண்ணுக்கு வெள்ளை தெரிந்தது, அவ்வளவுதான். அத்தனை பேரும் துக்கம் விசாரித்துவிட்டு வந்த வீடு அது. குதிரையேறினால் கண் அவிந்துபோகுமா ஐயா?

4. அந்த ஆடு ஆடம் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. யார் கூப்பிட்டாலும் வரும், அப்படித்தான் இவர்கள் பின்னாலும் வந்தது. ஓடைப் பாறையில் அதன் கால் ஒடிந்தது. குலத் தலைவரின் தம்பி மகன் ராபி அங்கேயே அதை அறுத்துத் தூக்கி வந்து, சங்க மண்டபத்து முற்றத்தில் நெருப்பில் ஏற்றினான். முன்னோர் தின்ற மாதிரியே தின்போம் என்று எல்லாரும் சிரித்தோம். யார் வீட்டு ஆடு என்று நான் கேட்கவில்லை.

5. சற்று நேரத்தில் ஜேனட் வந்தார். கையில் கவைக்கோல், அதன் நுனியில், சதுப்பில் வெட்டி விறகாக எரிக்கும் கரிமண் கட்டி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. எல்லைப்புறத்தின் பழைய சட்டம் இது: பறிகொடுத்தவர் எரியும் கட்டியை உயர்த்திக்கொண்டு தடம் பிடித்து வந்தால், கண்டவர் எல்லாரும் கூடப் போக வேண்டும். போகாதவன் திருடனுக்குக் கூட்டாளி. மண்டபத்து விளக்கப் பலகையில் இதை எழுதியதே நான்தான்.

"என் ஆட்டத் திருடிட்டுப் போயிட்டாங்க. கூட வாங்க," என்றார் ஜேனட்.

நாங்கள் கைதட்டினோம். கனடாவிலிருந்து வந்திருந்த உறவினர்கள் படம் எடுத்தார்கள். பிரமாதமான நடிப்பு என்றார் தலைவர். நானும்தான் தட்டினேன். ஜேனட் நெருப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அது எங்க பெஸ்ஸியா, எல்ஸ்பெத்?"

அப்போதுதான் கைதட்டல் நின்றது. நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது.

6. மறுநாள் தலைவர் விஸ்கி அனுப்பினார். அது இன்னும் ஜேனட்டின் வாசலிலேயே கிடக்கிறது. ஜேனட் தங்கள் மன்றத்தின் விழாப் பிரிவில் புகார் கொடுத்தார். அனுமதி பெற்ற பாரம்பரிய நிகழ்ச்சி, ஆகவே களவு ஆகாது என்று பதில் வந்ததாம். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிவிட்டார்கள். இனி இந்தப் பள்ளத்தாக்கில் யார் முகத்தில் விழிப்பது என்று அவர் பண்ணையை விற்கப் பார்க்கிறார். குலத்தின் பெயரைக் கெடுக்காதே என்று தலைவர் என்னை அதட்டுகிறார். கெடுப்பதற்கு இனி என்ன மிச்சம் இருக்கிறது?

7. மன்னிப்புக் கேட்க நேரில் போனேன். கதவைத் திறந்தார், உள்ளே அழைக்கவில்லை.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். நான் கூப்பிட்டேன், நீ வரல," என்றார்.

8. ஆகவே அவர் புகாரைக் களவு என்றே பதிந்து விசாரிக்க வேண்டுகிறேன். ராபியின் பெயரையும், தலைவரின் பெயரையும், கூட்டாளி என்ற முறையில் என் பெயரையும் அதில் சேர்க்க வேண்டும். கட்டி அணைந்த பிறகுதான் நான் கிளம்பியிருக்கிறேன். இப்போது தாங்களும் கண்டுவிட்டீர்கள் ஐயா. கண்டவர் கூட வர வேண்டும்.

இடம்: ஹார்லா
நாள்: ஜூலை 9

தலைகுனிந்து,
எல்ஸ்பெத் டோர்பர்ன்
(கையொப்பம்)