சிவப்பு ஏறாத மூன்று மாதங்கள்

2020 ஜூலை 9, வியாழன்

மழை. ஹிமேஜியின் அச்சகங்கள் எல்லாம் அடுத்த வருடத்தை அச்சடிக்கத் தொடங்கிவிட்டன. நாங்கள் மட்டும் ஒரு கேள்வியோடு நிற்கிறோம்: 2021-ல் கடல் நாள் விடுமுறை எப்போது?

சட்டப்படி ஜூலை 19. ஆனால் நோயால் டோக்கியோ ஒலிம்பிக் ஒரு வருடம் தள்ளிப்போனதால், விடுமுறைகளையும் இடம் மாற்ற நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா காத்திருக்கிறது. நிறைவேறினால் கடல் நாள் மூன்று நாள் தள்ளி 22-க்குப் போகும். மலை நாள் மூன்று நாள் முன்னால் வரும். அக்டோபரின் விளையாட்டு நாள் ஜூலைக்கே வந்துவிடும். இருபத்திரண்டு வருடமாகக் காலண்டர் தொழிலில் இருக்கிறேன். சூரியனை நம்பிப் பிழைப்பதாக நினைத்திருந்தேன்.

முதலாளி தொந்தா கேட்டார்: "நிறைவேறாத சட்டத்த அச்சடிக்க நாம என்ன நாடாளுமன்றமா, ஹிகிதாம்மா?"

ஜூலை 21, செவ்வாய்

தீவுகளுக்குப் படகு விடும் கம்பெனியின் ஓட்சுபோ வந்தார். வருடாவருடம் பன்னிரண்டாயிரம் காலண்டர். தாள்களை அடுக்கித் தலையில் தகரப்பட்டி மாட்டும் எங்கள் ஆறு பெண்களின் வேலை அவரை நம்பித்தான் இருக்கிறது. டிசம்பர் 4-க்குள் வேண்டுமாம்.

"மத்தவங்க காலண்டர்ல எது தப்பானாலும் போகட்டும். படகு விடுறவன் காலண்டர்லயே கடல் நாள் தப்பா இருந்தா எங்க கேப்டனுங்களே சிரிப்பாங்க. அப்புறம் அடுத்த வருஷம் எந்த முகத்தோட உங்ககிட்ட வருவேன்?"

மிரட்டலை இவ்வளவு குனிந்து வணங்கிச் சொல்ல இவரால்தான் முடியும்.

ஜூலை 30

மற்ற வாடிக்கையாளர்களுடையது இன்றுள்ள சட்டப்படி அச்சாகிறது. படகுக் கம்பெனிக்கு மட்டும் ஒன்பது மாதங்களை அடித்துவிட்டு ஜூலை, ஆகஸ்ட், அக்டோபரை நிறுத்திவைக்கச் சொன்னேன். என் யோசனை. போனால் என் தலை.

"மசோதா வரலன்னா?"

"பழைய சட்டப்படி அடிச்சிடலாம் முதலாளி."

"வரலன்னு எப்பத் தெரியும்?"

 

செப்டம்பர் 14, திங்கள்

வணிகர் சங்கத்தில் 'புறச்சூழலும் மேலாளரும்' என்று வகுப்பு. முகக்கவசத்துக்குள்ளிருந்து பேசிய அறிஞர் நான்கு கட்டம் போட்ட தாள் கொடுத்தார்: அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம். கிருமியை எதில் எழுதுவது? கோடுகள் சந்திக்கும் புள்ளியில் எழுதினேன். கட்டத்துக்குள் எழுதவேண்டும் என்று திருத்தினார். கிருமியிடமும் யாராவது சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 18

சட்டம் இன்னும் இல்லை.

நவம்பர் 25, புதன்

ஒன்பது மாதத் தாள்கள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கி நிற்கின்றன. நடுவே மூன்று இடைவெளி. பட்டிப் பிரிவின் மூத்தவர் மினே அக்கா அவற்றைச் சுற்றிவந்தார்.

"நான் மெஷின ஓட்டுறதா வேணாமான்னு டோக்கியோவுல யாரோ கொட்டாவி விட்டுக்கிட்டு முடிவு பண்றானா? பண்ணட்டும். வாய மூடினதும் சொல்லு."

வெள்ளி மாலை வரை பார்ப்பேன். அதற்குமேல் பழைய சட்டம்தான். அடிச்சப்புறம் மாத்திட்டாங்கன்னா? இந்த ஆறு பேர்கிட்ட என்னன்னு சொல்லுவேன் — நான் காத்திருந்து பார்த்தேன்னா?

நவம்பர் 27, வெள்ளி

நிறைவேறியது.

அலைபேசியில் அவையைப் பார்த்தேன். உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அதைத் திரும்ப மாட்டுவதற்குள் கடல் நகர்ந்துவிட்டது. எங்கோ ஒரு கிருமி. அதனால் ஒரு விளையாட்டு. அதனால் ஒரு சட்டம். அதனால் இங்கே, ஐந்தே கால் மணிக்கு, ஒரு எந்திரம் இருமிக்கொண்டு புறப்படுகிறது. 22-ல் சிவப்பு ஏறுவதைப் பார்த்துத் என்னையறியாமல் கை கூப்பினேன். முதலாளியும்தான். பார்க்காததுபோல் இருந்தேன்.

டிசம்பர் 3, வியாழன்

பன்னிரண்டாயிரமும் போய்ச் சேர்ந்தன. மினே அக்காவின் நான்கு விரல்களில் பிளாஸ்திரி.

மற்ற வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புச் சீட்டு அடிக்கிறோம். சட்டத்தை மாற்றியவர்கள் யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்களுக்கும் சேர்த்து நாங்களே.

2021 ஜூலை 22, வியாழன் — கடல் நாள்

துறைமுகத்துக்குப் போனேன். பயணச்சீட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் எங்கள் காலண்டர். 22, நல்ல சிவப்பு. அதன் கீழே கையால் எழுதிய அட்டை: தொற்று காரணமாக இன்று இரண்டு படகுகள் மட்டும். பத்தரை மணிப் படகில் ஒரு முதியவரும் ஒரு சைக்கிளும் போனார்கள்.

ஓட்சுபோ வந்து நின்றார். "ஒரு கேப்டன்கூட சிரிக்கலம்மா." வணங்கினார். நிமிராமலே சொன்னார்: "அடுத்த வருஷமும் உங்ககிட்டதான். ஆனா ஆறாயிரம்."

இருவரும் கடலைப் பார்த்தோம். அதற்கு இன்று தன்னுடைய நாள் என்று தெரிந்த மாதிரி இல்லை. எவ்வளவு பெரிதாக இருக்கிறது.

ஆகஸ்ட் 2, திங்கள்

2022 காலண்டரின் அச்சுத் திருத்தப் பிரதி வந்தது. கடல் ஜூலையின் மூன்றாம் திங்களுக்கும், மலை ஆகஸ்ட் 11-க்கும் திரும்பிவிட்டன, எதுவுமே நடக்காததுபோல. கையெழுத்துப் போட்டேன்.

பட்டிப் பிரிவில் இப்போது மூன்று பேர். மற்ற மூவரின் நாற்காலிகளை எடுத்துப்போக ஆள் வந்தான். மினே அக்கா விடவில்லை. சுவரோரம் வரிசையாக வைத்துத் துணி போர்த்தியிருக்கிறார்.

"கடலே திரும்பி வந்திருச்சு. அவளுங்க வரமாட்டாளுங்களா?"