கல்லீரல் இல்லாத படம்

திருப்பூர்
3.2.2025

நாகுவுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். போனில் கத்துகிறேன் என்று என் நம்பரை பிளாக் செய்துவிட்டு, "எழுதினா படிக்கிறேன், பேப்பர் கத்தாது" என்று உன் அம்மாவிடம் சொல்லியனுப்பியிருக்கிறாய். சரி. நாளெல்லாம் சி.டி. ஸ்கேன் மெஷின் ஓட்டுகிறவன், மதுரை ஹாஸ்டலில் தங்கி ஸ்கேன் படிக்கும் பொண்டாட்டிக்குத் தபாலில் பாடம் நடத்துகிறேன்.

மாதிரித் தேர்வில் வலது சிறுநீரகக் கல்லை இடது என்று எழுதினாயாம். போன தடவை பெயிலானதும் இதே தப்பில்தான். நீ எழுதியதை நம்பி டாக்டர் கத்தி வைத்தால், கல் மட்டும் பத்திரமாக இருக்கும்.

மறுபடியும் சொல்கிறேன். ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து, வெள்ளரிக்காயைக் குறுக்கே நறுக்குவதுபோல் நறுக்கிய படம் அது. நாம் அவர் காலடியில் நின்று தலைப்பக்கமாகப் பார்க்கிறோம். அவருடைய வலது, நமக்கு இடது கைப்பக்கம். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

நேரத்துக்குச் சாப்பிடு.

முனீஸ்


மதுரை
7.2.2025

அன்புள்ள மாமா,

பேப்பரும் கத்துகிறது. நீங்கள் அடிக்கோடு போட்ட இடமெல்லாம் கிழிந்திருக்கிறது.

காலடி, தலைப்பக்கம் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கல்லீரல் தெரிகிற படத்தில் நான் தப்பு செய்ததே இல்லை. அது பெரிதாக உட்கார்ந்துகொண்டு, இது வலது என்று சொல்லிவிடும். அதற்குக் கீழே போனால்தான் வம்பு. கல்லீரல் முடிந்து, நடுவில் முதுகெலும்பும் இரண்டு பக்கமும் சிறுநீரகமுமாக ஒரு படம் வருகிறதே, அங்கே நான் யோசிப்பதற்குள் கை எழுதிவிடுகிறது. இடது கைப்பக்கம் இருந்தால் இடது. ஏனென்று எனக்கே தெரியவில்லை.

இருபதாம் தேதி பிராக்டிகல். இந்தத் தடவையும் போனால் ஊருக்கே வந்துவிடுகிறேன் மாமா. பனியன் கம்பெனியில் நான் தையல் சரிபார்த்த செக்கிங் டேபிள் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறதாம். அம்மா அதைச் சந்தோஷமாகச் சொன்னாள்.

தலைக்கு எண்ணெய் வையுங்கள். சூடு குறையும்.

உங்கள்
நாகஜோதி


திருப்பூர்
12.2.2025

நாகு,

நேற்று உன் அம்மாவைக் கூட்டிவரக் கம்பெனிக்குப் போனேன். வேலை முடியவில்லை. அவர் டேபிள் பக்கத்தில் நின்றேன். எல்லா பனியனும் உள்பக்கம் வெளியே தெரியக் கிடந்தது. ஏன் என்று கேட்டேன்.

"தையல் உள்ளாறதானய்யா இருக்கு? வெளிய பாத்தா என்ன தெரியும்?" என்றார்.

போடுகிறவருக்கு இடது இடுப்பில் வரும் லேபிள், பார்க்கிற உன் அம்மாவின் இடது கைக்குக் கீழே கிடந்தது. ஒரு பனியனை எடுத்து நேராகப் புரட்டிப் போட்டேன். லேபிள் வலது கைப்பக்கம் போய்விட்டது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருஷம் நீ இப்படித்தானே பார்த்தாய்? உனக்கு மூளை பழுதில்லை. பனியனையெல்லாம் திருப்பிப் போட்டே பார்த்த கை, ஆளையும் திருப்பிப் போடுகிறது.

இதோடு ஒரு பனியன் வைத்திருக்கிறேன். நேராக விரி. கீழ் ஓரம் உன் பக்கம், கழுத்து எதிர்ப்பக்கம். அதுதான் காலடியில் நின்று பார்ப்பது. மார்க்கரில் இரண்டு சிறுநீரகம் வரைந்திருக்கிறேன். கல்லீரல் வரையவில்லை. வேண்டுமென்றேதான்.

உன் டேபிளை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் லிங்கசாமி, "அந்தப் புள்ள திரும்பி வந்துச்சுன்னா எங்கீங்க உக்காரும்?" என்றார். சி.டி. மெஷின் முன்னால் என்றேன்.

கத்தியதற்கு மன்னிப்பெல்லாம் எழுத மாட்டேன். பனியன் நல்ல துணி.

முனீஸ்


மதுரை
22.2.2025

அன்புள்ள மாமா,

அதே மாதிரிப் படம்தான் வந்தது. கல்லீரல் இல்லை. கல் இடது கைப்பக்கம். கை "இ" என்று எழுதியே விட்டது. பேனாவைக் கீழே வைத்தேன். மேஜைமேல் வெறும் காற்றில் ஒரு பனியனைப் புரட்டினேன்.

தேர்வு நடத்த வந்திருந்த மேடம் பக்கத்தில் வந்து, "என்னம்மா பண்ற?" என்றார்.

"பனியன நேராக்குறேன் மேடம்."

அவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். நான் அந்த "இ"யை அடித்துவிட்டு, வலது என்று எழுதினேன்.

பாஸ் மாமா. இன்று மத்தியானம் ரிசல்ட் ஒட்டிவிட்டார்கள். அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

ரூம்மேட் அபிராமிக்கும் நெஞ்சுப் படம் பார்க்க ஒரு பனியன் வேண்டுமாம். நுரையீரல் மட்டும் வரைந்து அனுப்புங்கள். இதயத்தையெல்லாம் நீங்கள் யாருக்கும் வரைய வேண்டாம்.

பிளாக்கை எடுத்துவிட்டேன். இது கைக்கு வந்ததும் போன் பண்ணுங்கள். ஆனால் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. இந்தத் தடவை நான்தான் கத்தப்போகிறேன்.

உங்கள்
நாகு