இழவு வீட்டில் 'வாங்க' சொன்னவன்

என் ஈஸ்வரிக் கண்ணு,

'பழங்குருதி' தொடரின் கடைசிப் பகுதிகளைப் படமாக்குவது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. கதை உரிமைப் புகார்களை விசாரிக்கும் குழுவின் செயலாளர் நேற்று மாலை இதைத் தொலைபேசியில் சொன்னார். இன்று காலை தயாரிப்பு அலுவலகத்திலும் கேட்டேன். "ஆமா சார், ஷூட்டிங் இல்ல" என்றார்கள். இரண்டு பக்கமும் ஒத்துப்போன பிறகுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். அரைகுறைச் செய்தியோடு வந்தால், "எங்கண்ணன் நிருபராம், கேட்டுக்கோங்க" என்று ஊரைக் கூட்டிச் சிரிக்கிறவள் நீ.

உன் கதை இப்போது நம் ஊரில் எல்லா வீட்டிலும் ஓடுகிறது. தண்ணீரில் ஒரு சொட்டுச் சிவப்புச் சாயம் விழுந்து விரிகிறது. அதன்மேல் பெயர்கள் வருகின்றன. 'கதை: பாஸ்கர்' என்று வருகிறது. உன் புருஷன். கடைசியில் ஓடும் நன்றி வரிகளில் படப்பிடிப்புக்குச் சாயப் பட்டறையைத் திறந்துவிட்டவர் பெயர்கூட இருக்கிறது. நீ மட்டும் எங்கேயும் இல்லை.

இந்தக் கடிதம் பத்திரிகையில் வருவதால், தொடரைப் பார்க்காதவர்களும் படிப்பார்கள்; கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் வருஷமாகச் சாகாத ஒரு குடும்பம். தாய், இரண்டு மகன்கள், ஒரு மகள். ரத்தம் குடித்து வாழ்கிறவர்கள். ஊர் ஊராக மாறி, கடைசியில் திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனி நடத்துகிறார்கள். அழைக்காத வீட்டுக்குள் அவர்களால் காலெடுத்து வைக்க முடியாது. வீட்டுக்காரர் யாராவது வாய் திறந்து 'வாங்க' என்று சொல்ல வேண்டும்.

அவிநாசிபாளையத்திலிருந்து கம்பெனி வேனில் வேலைக்கு வரும்போது இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் பேசி எனக்கு அனுப்புவாய். பின்னணியில் வேன் பாட்டும் கூட வரும் பெண்களின் சிரிப்பும் கேட்கும்.

"ஏனுங்ணா, ரத்தக்காட்டேரிக்கு நம்மூரு மாதிரி வசதி எங்கீங்ணா இருக்குது? வாசல்ல ஆரு வந்து நின்னாலும் 'வாங்க, வாங்க'ன்னுதான சொல்லுவோம். டியூ கட்டலைன்னு வண்டியத் தூக்க வந்தானே, அவனையே எங்கூட்டு மாமியா 'வாங்க சாமி, காப்பி வெக்கட்டுங்களா'ன்னு கேட்டாங்க!"

அப்புறம் சனங்கள் எப்படித்தான் தப்பிப்பது என்று கேட்டேன். அடுத்த நாள் வேனிலிருந்து பதில் வந்தது.

"எழவூடுங்ணா. அங்க மட்டுந்தான் நாம 'வாங்க'ன்னு சொல்ல மாட்டோமே. அவன் கொன்னவளோட எழவுக்கு அவனால உள்ள போக முடியாது. தெருவுல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போக வேண்டீதுதான். தான் செஞ்சத முழுசாப் பாக்கறதுக்குக்கூட அவனுக்கு ரைட்ஸ் இல்லைங்ணா."

சாவு வீட்டுக்கு வருகிறவரை 'வாங்க' என்று அழைப்பதில்லை. போகிறவரும் 'போயிட்டு வரேன்' என்று சொல்வதில்லை. வந்து, கையைப் பிடித்து, பேசாமல் எழுந்து போவார்கள். நான் எத்தனை சாவுச் செய்திகளுக்குப் போயிருக்கிறேன்! இந்த வழக்கத்துக்குள் இப்படி ஒரு கதை உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியதில்லை.

அந்தக் குடும்பத்துச் சண்டைகளையும் இதிலிருந்துதான் நெய்தாய். அண்ணன் மேல் கோபம் கொண்ட தம்பி, தன் அறைக்கு அவனை 'வா' என்று சொல்வதில்லை. முப்பது வருஷம் அண்ணன் அந்த அறையின் நிலைப்படிக்கு வெளியே நின்று பேசுகிறான். தாய் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிறாள். "நம்ம சொந்தத்துல எல்லாம் ஆராச்சும் செத்தாச் சண்ட தீந்துரும். இவிங்கதான் சாக மாட்டாங்களே, என்ன பண்ணுவாங்க பாவம்" என்று நீ சொன்னபோது வேனே சிரித்தது.

பாஸ்கருக்குக் காதர்பேட்டையில் டி-ஷர்ட்டுக்குப் படம் அச்சடிக்கும் பட்டறை. தொடர் எடுக்கிறவர்கள் விளம்பரச் சட்டைகளுக்காக அங்கே வருவார்கள். அந்தப் பழக்கத்தில்தான் உன் கதையை அவன் கையில் கொடுத்தாய். "நாம் பேசிக்கறேன், நீ வேலையப் பாரு" என்றானாம். அதை என்னிடம் எவ்வளவு பெருமையாகச் சொன்னாய்!

பிறகு ஒரே நாளில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து நீ போய்விட்டாய்.

உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியிருந்தோம். பாஸ்கர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். உண்மையாகத்தான் அழுதான். அதையும் எழுதத்தான் வேண்டும். அப்போது ஒரு கார் வந்து நின்றது. தயாரிப்பு நிறுவனத்து மேலாளர் மாலையோடு இறங்கினார். பாஸ்கர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிரே போய், "வாங்க சார், வாங்க, வாங்க" என்றான்.

பெண்களின் ஒப்பாரி நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுச் சரசக்கா மட்டும்தான் வாய் திறந்தார். "ஏனப்பா, கலியாண ஊடுன்னு நெனச்சுட்டயா?"

"உடுங்கக்கா, துக்கத்துல வாய் தவறீருச்சு" என்றார் யாரோ. எல்லோருக்கும் அவன்மேல் இரக்கம் வந்தது.

தொடரின் முன்னோட்டம் வெளியானபோதுதான் அவன் பெயரைப் பார்த்தேன். மேலாளரைக் கூப்பிட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. "பாஸ்கர் சார் கதைதானே சார்? அன்னிக்குத் துக்கத்துக்கு வந்தப்பவே பேசி முடிச்சிட்டோமே" என்றார். ஒருவர் பேச்சை மட்டும் நம்பி நான் எதையும் எழுதியதில்லை. சரசக்காவிடம் போனேன். சாவு வீட்டில் அடுப்பு எரியாதல்லவா? அவர்தான் அன்று தன் வீட்டில் டீ போட்டுப் பின்கட்டு வழியாகக் கொண்டுவந்தார். அங்கே பாஸ்கரும் மேலாளரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்களாம்.

"எங்காதுல உழுந்தத அப்படியே சொல்றனுங்க" என்றார் சரசக்கா. "'ஈஸ்வரி சும்மா டைப் அடிச்சுக் குடுத்தாளுங்க. கதை நம்முளுது. டைட்டில்ல எம்பேரையே போட்டுருங்க'ன்னு சொல்லிப்போட்டு, எங்கையில இருந்து டீய வாங்கி அவருக்குக் குடுத்தான். நான் அப்ப என்னத்தக் கண்டேன்? வேற ஏதோ யாவாரம்னு நெனச்சுட்டேன்."

அதே நேரத்தில் உள்ளே உன்னைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள், ஈஸ்வரி. அந்த 'வாங்க' வாய் தவறி வந்ததல்ல.

ஆனாலும் அவன் உன் கதையைப் புரிந்துகொள்ளவே இல்லை. ஆரம்பத்தில் நீ எழுதிய காட்சிகளை அப்படியே எடுத்தார்கள். ஒரு சாவு வீட்டு வாசலில் மூத்த மகன் வெகுநேரம் நின்று, திரும்பிப் போகிறான். காரணத்தை நீ பின்னால் சொல்வதற்காக வைத்திருந்தாய். நீ எழுதியது தீர்ந்து பாஸ்கர் எழுத ஆரம்பித்ததும் அதே மூத்தவன் இன்னொரு சாவு வீட்டுக்குப் போகிறான். இறந்தவளின் கணவன் கை கூப்பி "வாங்கய்யா, வாங்க" என்கிறான். அவன் உள்ளே போய்விடுகிறான்.

மறுநாள் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் டீக்கடையில் அதுதான் பேச்சு.

"எழவூட்டுல எவன்டா வாங்கம்பான்?"

"கதை எழுதுனவன் ஊட்டுல சொல்லுவாங்களாட்ட இருக்குது."

கடையே சிரித்தது. நான் டீயைக் குடித்து முடித்துவிட்டு நேராகப் போய்ப் புகார் எழுதினேன்.

முதல் விசாரணையில் குழுத் தலைவர் அம்மையார் அவனிடம் கேட்டது ஒரே கேள்விதான். "முதல்ல ஒரு துக்க வீட்டு வாசல்ல நின்னுட்டு அந்த மூத்தவர் திரும்பிப் போறாரே, ஏன்?"

பாஸ்கர் யோசித்தான். "அங்க நாய் இருந்துச்சுங்க மேடம்."

"காட்சியில நாய் இல்லையே?"

"தெருவுல இருக்குமுங்க."

குழுவில் ஒருவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு உன் குரலைப் போட்டோம். வேன் பாட்டு, சிரிப்பு, 'எழவூடுங்ணா' எல்லாம் அந்த அறையில் கேட்டது. பாஸ்கர் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு இரக்கம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவன் சமாளித்துக்கொண்டான். "ஊட்டுல ரெண்டு பேருஞ் சேந்து பேசுனதுதானுங்க. அவ அண்ணங்கிட்டச் சொன்னா, நான் சொல்லல. அவ்வளவுதான் வித்தியாசம்." புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுக்குள் பேசியதற்குச் சாட்சி ஏது? குழு விசாரணையைத் தள்ளி வைத்தது.

போன வாரம் என் வீட்டுக்கு வந்தான். கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றான். நானும் கேட்டைத் திறக்கவில்லை.

"மச்சான், உள்ள கூப்புட மாட்டீங்களா?"

"சொல்றத அங்கிருந்தே சொல்லுங்க மாப்ள."

"நன்றின்னு ஒரு கார்டு போட்டு ஈஸ்வரி பேரைச் சேத்தறமுங்க. கம்பெனியில பேசீட்டேன்."

"உங்க பேரு?"

"அது இருக்கட்டுமுங்க. செத்தவளுக்குப் பேரு எதுக்குங்க மச்சான்? யாழினிக்குக் கலியாணம் பண்ணோணும். அப்பன் திருடன்னு டீவில வந்தா எவன் பொண்ணெடுப்பான்?"

மகளைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனிடம் என்ன பேசுவது? நான் உள்ளே வந்துவிட்டேன். ஆனால் அந்த வார்த்தை குத்தியது. உன் பெயரை மீட்கப் போய் உன் மகளை இழந்துவிட்டால், உனக்கு என்ன பதில் சொல்வேன்?

ஞாயிற்றுக்கிழமை யாழினி கல்லூரி விடுதியிலிருந்து வந்தாள். உன் அண்ணி தோசை ஊற்றினாள். யாழினி தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "மாமா, அப்பாவ ஜெயில்ல போட்டுருவாங்களா?"

"அதெல்லாம் இல்ல கண்ணு."

"அப்பறம் என்ன ஆகும்?"

"அவர் பேரை எடுத்துட்டு அம்மா பேரைப் போடுவாங்க."

"அவ்வளவுதானா?" என்றாள். அந்தக் குரலில் இருந்தது பயமல்ல, ஏமாற்றம். உன் அண்ணி தோசைக் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். "அத்தை, இன்னுங் கொஞ்சம் சட்னி ஊத்துங்க" என்று தட்டை நீட்டியபடியே சொன்னாள்: "கடேசி எபிசோடு அம்மா சொன்னபடி எடுக்கோணும் மாமா. அப்பாவுக்கு முடிவு தெரியாது. தெரியுமான்னு எங்கிட்டவே ரெண்டு தடவ சுத்தி வளச்சுக் கேட்டாரு. எனக்குத் தெரியும். அம்மா எனக்குப் பேசி அனுப்பியிருக்குது."

நானே அதைக் கேட்டதில்லை. உனக்கு இரண்டு ரகசியப் பெட்டிகள் இருந்திருக்கின்றன, ஒன்று நான், மற்றது அவள்.

"உங்கப்பன் முன்னால சொல்லுவியா?" என்று கேட்டேன்.

"அவரு முன்னாலதான் சொல்லோணும். எழவூட்டுல யாவாரம் பேசுனாருன்னு சரச பெரீம்மா எங்கிட்டயுஞ் சொல்லீருச்சு. கலியாணத்தப் பத்தி அவரு கவலப்பட வேண்டாம். எவனும் எடுக்கலைன்னாப் போவுது."

நீ அவளுக்கு அனுப்பிய அந்த ஒலிப்பதிவை மூடி முத்திரையிட்டுக் குழுவிடம் கொடுத்துவிட்டோம். படப்பிடிப்பு நின்றது அதனால்தான்.

வரும் வியாழக்கிழமை காலை அடுத்த விசாரணை. பாஸ்கரிடமும் யாழினியிடமும் தனித்தனியாக 'பழங்குருதி' எப்படி முடிகிறது என்று கேட்கப்போகிறார்கள். பாஸ்கரை முதலில் கூப்பிடுவார்கள். அவன் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு யாழினி பேசுவாள். கடைசியில், அவனையும் உட்கார வைத்து, உன் குரலைத் திறப்பார்கள். குழுவின் தீர்ப்பு இந்த மாதக் கடைசிக்குள் வரும் என்கிறார் செயலாளர். உன் பெயர் எந்த இடத்தில் வரும், மீதிப் பகுதிகளை யார் எழுதுவார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை யாழினி எனக்கு அந்த முடிவைச் சொன்னாள். அதை இங்கே எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. எழுத மாட்டேன். பாஸ்கர் இந்தப் பத்திரிகை வாங்குகிறவன். இந்தக் கடிதத்தையும் படிப்பான். வரிக்கு வரி தேடுவான். தேடட்டும். வியாழன் வரைக்கும் அவன் சாப்பிடும்போதும் பட்டறையில் சாயம் கலக்கும்போதும், தான் எழுதியதாகச் சொன்ன கதை எப்படி முடிகிறது என்று தெரியாமல் திண்டாடட்டும்.

மன்னிக்கச் சொல்லிச் சொந்தக்காரர்கள் இன்னும் வருவார்கள். உன் பேச்சின்மேல் சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணு: அவன் பெயர் அந்தத் திரையிலிருந்து அழிகிற வரை நான் ஒருவருக்கும் மசிய மாட்டேன். வியாழக்கிழமை யாழினி பேசும்போது, அவன் முகத்துக்கு நேரெதிர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அண்ணன்,
யாழினியின் தாய்மாமன்